சட்டமன்றத்தில் போர்த்திய பொன்னாடை

மகளே, அஸ்ஸலாமு அலைக்கும். போனை எடுக்காமல் இருக்கலாம், சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அது உன்மேல் கடமை. அந்தத் தைரியத்தில்தான் இப்படித் தொடங்குகிறேன். மனசுக்குள் சொன்னாலும் போதும். நீ தமிழைக் கூட்டிக் கூட்டிப் படிப்பவள், இதை முடிக்க உனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும் என்று தெரியும். இங்கிலீஷில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் என் இங்கிலீஷ் கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பழகிய இங்கிலீஷ். "தேங்க் யூ", "ப்ளீஸ்", "நோ ப்ராப்ளம்" தவிர அதில் எனக்கு எதுவும் சரளமாக வராது. இப்போது சொல்ல வேண்டியது அந்த மூன்றிலும் அடங்காது.

இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். "வீட்டு விஷயத்தை எதுக்கு வீதியில வைக்கிறீங்க?" என்று உன் அம்மா கேட்டாள். வீதியில் வைத்ததே நான்தானே. அந்தப் போட்டோவை இதே குழுவில் போட்டுவிட்டு, யார் இதயம் போட்டார்கள், யார் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள் என்று அன்றைக்கு முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். சங்கத் தலைவர் அருள்ராஜ் அங்கிள் கூப்பிட்டு, "பாய், இந்த வருஷம் சங்க ஆண்டு மலருக்கு அட்டைப்படமே இதுதான்" என்றார். போட்டோவைப் பார்த்தவர்கள் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். குழுவில் பாதிப் பேர் உன் நிகழ்ச்சியை ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் உனக்குத் தெரிந்த கதையையே நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்.

நீ பேங்க்கில் ஐடி வேலையை விட்டுவிட்டு ரேடியோவுக்குப் போகிறேன் என்று சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய ரேடியோகூட இல்லை. ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில், ஈரவாடை அடிக்கிற அறையில், ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்துகிற ஸ்டேஷன். நிறத்தைப் பார்த்து நடக்கிற அநியாயத்தைப் பேசுவதுதான் உன் வேலை. யாருக்கு வீடு வாடகைக்குக் கிடைக்கவில்லை, ஒரே தப்புக்கு எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு டீச்சர் போன் பண்ணினார், எந்தப் பிள்ளைக்கு போலீஸைக் கூப்பிட்டார் என்று விசாரித்து, சம்பந்தப்பட்டவர்களையே மைக்குக்கு முன்னால் உட்கார வைப்பாய். "நமக்கு எதுக்கும்மா வம்பு? அது அவங்க சண்டை" என்றேன். எப்போதும் நான் தமிழில் பேசினால் நீ இங்கிலீஷில் பதில் சொல்பவள். அன்றைக்குத் தமிழில் கேட்டாய்: "அவங்கன்னா யாரு, அத்தா?" நீ தமிழுக்கு மாறினால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். நான் பேச்சை மாற்றிவிட்டேன். நம் ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு கறுப்பின மக்களைப் பற்றி என்ன வார்த்தையில் பேசுவோம் என்பது இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். நானும் அந்தக் கதவுக்குள் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டவன்தான், யோக்கியன் வேஷம் போடவில்லை.

மிஸ் லொரேனை எனக்கு உன் நிகழ்ச்சியில்தான் தெரியும். அவருடைய மகன் டெரல், உன் தம்பி வயசுப் பையன். காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். எந்த ஊர் போலீஸ் என்பது இங்கே வேண்டாம், வக்கீல்கள் பார்த்துக்கொண்டிருக்கும் விஷயம். போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருந்த கேமராவில் எல்லாமே பதிவாகியிருக்கிறது. ஆனால் பெற்றவளுக்குக் காட்டியது அதில் ஒரு துண்டை மட்டும். மீதியைக் காட்டுங்கள் என்று அவர் நடையாய் நடக்கிறார். இப்படிப்பட்ட பதிவை உடனே, முழுசாக, குடும்பத்துக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு மசோதா மாநிலச் சட்டமன்றத்தில் கிடக்கிறது. அது உருவாவதற்கே உன் நிகழ்ச்சிதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிகழ்ச்சி முடியப் போகிற நேரத்தில் மிஸ் லொரேன் வருவார். மகனின் பெயரைச் சொல்வார். இந்த வாரம் யாரிடம் போய்க் கேட்டேன், என்ன பதில் சொன்னார்கள் என்று சொல்வார். அழுது நான் கேட்டதில்லை. பெரும்பாலும் பதில் ஒன்றும் வந்திருக்காது. அதையும் அப்படியே சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளி பார்க்கலாம் என்று முடித்துவிடுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். விமானங்கள் மோதி இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அந்த வருஷம் நீ சின்னப் பிள்ளை, கடையில் டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கலர் பண்ணிக்கொண்டிருப்பாய். உம்ரா யாத்திரைக்கும் சென்னைக்கும் டிக்கெட் போடுகிற கடை, வாசலில் பிறை போட்ட போர்டு, எனக்கோ தாடி. கேட்கவா வேண்டும்? கோட்டுப் போட்ட இரண்டு அரசாங்க ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். யார் யார் உன்னிடம் டிக்கெட் வாங்குகிறார்கள், எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறாய், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் டீ கொடுத்தேன். பாதி சாசரிலேயே கொட்டிவிட்டது. திரும்பத் திரும்ப வந்தார்கள். அந்தச் சமயத்தில் நம் வார்டு கவுன்சிலர் ஒருவர் தெருவில் கை குலுக்கிக்கொண்டு வர, அருள்ராஜ் அங்கிள்தான் யோசனை சொன்னார். அவரைக் கடைக்குள் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினேன். அதற்கப்புறம் கோட்டுக்காரர்கள் வரவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று உன் அம்மா இரண்டு ரக்அத் தொழுதாள்.

அவர்கள் வராமல் போனதற்கும் அந்தப் போட்டோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருந்திருக்கலாம். நான் அதைச் சோதித்துப் பார்க்கவா முடியும்? அன்றிலிருந்து இஃப்தார் விருந்து என்றால் போலீஸ் கேப்டனுக்குப் பொன்னாடை, மேயருக்குப் பொன்னாடை, புதிதாக வந்த தீயணைப்பு அதிகாரிக்கும் பொன்னாடை. சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லி மொத்தமாக வாங்கி வரச் சொல்லி, பாலிதீன் உறை பிரிக்காமல் பீரோவில் அடுக்கி வைத்திருப்பேன். கடைச் சுவரில் இடமில்லாமல் போனது. நீ வளர வளர, "அத்தா, யூ லுக் லைக் எ வெய்ட்டர் இன் ஆல் ஆஃப் தீஸ்" என்று கிண்டல் பண்ணுவாய். எனக்குக் கோபம் வரும். இந்தச் சுவரால்தான் நீ நிம்மதியாகப் படித்தாய், உன் தம்பி டெக்சாஸில் ஃப்ரீவேயில் கார் ஓட்டுகிறான் என்று நான் நம்பியிருந்தேன். அவனுக்கு டிரைவிங் சொல்லிக் கொடுத்தபோது முதல் பாடமே அதுதான்: போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் "சார்" போடு. அங்கே இர்விங்கில் அவனை இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறார்கள். சார் போட்டான், வீடு வந்து சேர்ந்தான். பார்த்தாயா என்று உன்னிடம் சொன்னேன்.

உன் பணியைப் பாராட்டிச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது நான் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தேன். கொண்டுவருகிறவர் யார் என்று நீ சொன்னபோதும் என் சந்தோஷம் குறையவில்லை. அந்த மசோதா எந்தக் கமிட்டியில் கிடக்கிறதோ அதன் தலைவரான சட்டமன்ற உறுப்பினர். விவாதத்துக்கே எடுக்காமல் அதை அமுக்கி வைத்திருப்பவர். தேர்தல் வருகிறது, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழத் தொடங்கிவிட்டது. நீ அப்படிச் சொல்லவில்லை, நீ இங்கிலீஷில் வேறு வார்த்தை சொன்னாய், அதை இந்தக் குழுவில் எழுத முடியாது. போக மாட்டேன் என்றாய். எனக்கும் உனக்கும் சாப்பாட்டு மேசையில் பெரிய வாக்குவாதம். "மரியாதை பண்றேன்னு வர்றவன திருப்பி அனுப்புவாங்களா? அது நம்ம பழக்கமா?" என்று கத்தினேன். கடைசியில் நீ மிஸ் லொரேனிடமே போய்க் கேட்டாய். அவர், போ, ஆனால் என் மகன் பெயர் அந்தத் தீர்மானத்தில் இருக்க வேண்டும், அந்த மண்டபத்தில் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும், நான் வந்து கேட்க வேண்டும் என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். உறுப்பினரின் ஆபீஸில் சரி என்றார்கள். வரைவிலும் பெயர் இருந்தது, நீ எனக்குக் காட்டினாய். ஒரு சட்டம் கிடைக்காத தாய்க்கு ஒரு வரியாவது கிடைக்கட்டும் என்று நீ சம்மதித்தாய்.

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் போகும்போது உன் மடியில் அந்த வரைவு இருந்தது. பின்சீட்டில் உன் அம்மா, அவள் பக்கத்தில் என் கைப்பை, பைக்குள் பொன்னாடை. அதை எடுத்து வைத்தது உனக்குத் தெரியாது. யாருக்கு என்று முடிவு பண்ணி எடுத்து வைக்கவில்லை, அதை நீ நம்ப வேண்டும். ஒரு சபைக்குப் போனால் கையில் ஒன்று இருக்க வேண்டும் என்று எடுத்து வைத்தேன். வழியில் நீ சொன்னாய், அவரோடு தனியாகப் போட்டோவுக்கு நிற்க மாட்டேன், மிஸ் லொரேனோடுதான் நிற்பேன் என்று. நான் தலையாட்டினேன்.

மண்டபம் அழகாகத்தான் இருந்தது. உன்னை முன்னால் நிறுத்தினார்கள். நாங்கள் உனக்குப் பின்னால், மிஸ் லொரேன் எங்களுக்கும் பின்னால், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற தொப்பியோடு. ஒருவர் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். இன்னின்ன காரணத்தால், இன்னின்ன காரணத்தால் என்று ஒவ்வொரு வரியாக உன்னைப் புகழ்ந்துகொண்டே போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர். டெரலின் வரி வரவேண்டிய இடத்தில், "ஓர் இளைஞரின் துயரகரமான மறைவைத் தொடர்ந்து" என்று வந்தது. அடுத்த வரிக்குப் போய்விட்டார். யாரும் எதிர்க்கவில்லை, எல்லோரும் ஆதரித்தார்கள், எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். மிஸ் லொரேன் கைதட்டவில்லை. இன்னும் ஏதாவது வாசிப்பார்கள் என்கிற மாதிரி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த உறுப்பினர் கண்ணாடிச் சட்டம் போட்ட தீர்மானத்தை உன் இடது கையில் கொடுத்துவிட்டு வலது கையை நீட்டினார். கேமராக்கள் இருந்தன. நீ கையைக் கொடுக்கவில்லை. சத்தம் போடாமல், "வேர் இஸ் ஹிஸ் நேம்?" என்றாய். எனக்குக் கேட்டது. காது நன்றாகத்தான் இருக்கிறது, கேட்கவில்லை என்று நான் எப்போதாவது சொல்லியிருந்தால் அது பொய். அவர் சிரித்த முகம் மாறாமல், நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். நீ அசையவில்லை. ஒரு அதிகாரி கை நீட்டிக்கொண்டு நிற்கிறார், என் மகள் பிடிக்கவில்லை, எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு அந்தப் பழைய பயம் திரும்பி வந்தது, மகளே. சாசரில் டீ கொட்டிய அதே பயம். என் கை என்னைக் கேட்காமல் பைக்குள் போனது. உறையைக் கிழித்தேன், உன்னைத் தாண்டி முன்னால் போனேன், பொன்னாடையை விரித்து அவர் தோளில் போட்டேன். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பழகின ஆள். அழகாகத் தலையைக் குனிந்தார், கையைக் கூப்பினார், நானும் கூப்பினேன். கேமராக்கள் எல்லாம் அதைத்தான் எடுத்தன. நீ, "அத்தா, டோன்ட்" என்றது அதற்கப்புறம்தான் என் காதில் விழுந்தது.

ஊர் திரும்பியதும் நீ காரை விட்டு இறங்கிப் போய்விட்டாய், அன்றிலிருந்து என் போனை எடுக்கவில்லை. தீர்மானத்தை நீ எடுத்துக்கொண்டு போகவில்லை, அது இன்னும் என் காரின் டிக்கியில் கிடக்கிறது. அடுத்த வாரம் அந்த உறுப்பினரின் பிரசுரம் தபாலில் வீடு வீடாக வந்தது. முதல் பக்கத்தில் பொன்னாடையோடு அவர், கூப்பிய கையோடு நான். இன நீதிக்காக அவர் செய்த பணிக்கு ஒளிபரப்பாளரின் குடும்பம் நன்றி செலுத்துகிறது என்று கீழே போட்டிருந்தார்கள். உனக்காக வந்த தீர்மானம், அவர் பணியாக மாறிவிட்டது. ஓரத்தில் தெரிந்த தொப்பியை வெட்டிவிட்டார்கள். மசோதா என்ன ஆச்சு என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, சம்பந்தப்பட்ட சமூகங்கள் எங்கள் முயற்சியில் திருப்தியாக இருக்கின்றன என்று சொன்னாராம். சம்பந்தப்பட்ட சமூகம் நான்தான். ஒரு துண்டு ஜரிகைத் துணியால் சாட்சி சொல்லிவிட்டேன்.

முதலில் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது, மறைப்பானேன். நான் என்ன கொலையா பண்ணிவிட்டேன், வயசான அத்தாவின் போனை எடுக்காத அளவுக்கு, என்று உன் அம்மாவிடம் குதித்தேன். அவள் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு காரில் உன் நிகழ்ச்சியைப் போட்டேன். முடிகிற நேரம் வந்தது. மிஸ் லொரேன் வரவில்லை. நீ, "இது மிஸ் லொரேனின் நேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மைக்கைத் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாய். ரேடியோவில் சத்தமில்லாமல் விடவே கூடாது, அது பெரிய தப்பு என்று நீதான் எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாய். ஸ்டேஷன் ரிப்பேர் என்று ஜனங்கள் வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள் என்றாய். நான் திருப்பவில்லை. யாரோ நாற்காலியை நகர்த்துவது கேட்டது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே விட்டாய். இனியும் இப்படி விட்டால் அந்த நேரத்தையே எடுத்துவிடுவோம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்களாம், உன் தம்பி எனக்குச் சொன்னான்.

அதனால் மிஸ் லொரேன் வீட்டுக்குப் போனேன். போவதற்கு முன் வழக்கம்போல ஸ்வீட் பாக்ஸ் ஒன்றைக் கையில் எடுத்தேன். உன் அம்மா அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, "எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க. உங்க கை கொஞ்சம் சும்மா இருக்கட்டும்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பேசியதில்லை. வெறுங்கையோடு போனேன்.

அவர் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர் என்று உனக்குத் தெரியும். நான் போனபோது மறுநாளுக்கான யூனிஃபார்மை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் ஒன்றும் மாறவில்லை. உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டிவிட்டு அயர்ன் பண்ணுவதைத் தொடர்ந்தார். நான் ஸாரி சொன்னேன். ஊர் வழக்கம், மரியாதைக்குச் செய்தது, அர்த்தம் தப்பாகிவிட்டது என்று என் இங்கிலீஷில் என்னென்னவோ உளறினேன். அவர் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு, உள்ளே போய் அந்தப் பிரசுரத்தை எடுத்து வந்தார். ஒன்றில்லை, இரண்டு. அவர் சொன்னதை எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன். "ஒண்ணு என் பேருக்கு வந்துச்சு. இன்னொண்ணு டெரல் பேருக்கு. தீர்மானத்துல இல்லாத பேரு வோட்டர் லிஸ்ட்ல இருக்கு." அவன் பெயரும் அந்த வீட்டு முகவரியும் அச்சாகி ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் என் முகம்.

பிறகு அவர் பிரசுரங்களைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அதைப் போர்த்தும்போது உங்க வாய் அசைஞ்சுது. நான் பின்னாடி ஓரமா நின்னு பார்த்தேன். என்ன சொன்னீங்க?"

"தேங்க் யூ சார்னு சொன்னேன்."

"எதுக்கு?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை, மகளே. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உங்கள் குடும்பத்துக்கு அவர் ஏதாவது செய்திருக்கிறாரா, எனக்குத் தெரியாமல் ஏதாவது நல்லது நடந்திருக்கிறதா என்கிற மாதிரி. நான் யோசித்தேன். கடைசியில் உண்மையைச் சொன்னேன். எனக்குப் பயம், அதிகாரிகளைப் பார்த்தால் பயம், பயந்தால் என் வாயில் அதுதான் வரும், என் பிள்ளைகளுக்கும் சார் போடத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அது அவர்களைக் காப்பாற்றும் என்று நினைத்தேன் என்றேன்.

அவர் யூனிஃபார்மை மடித்து வைத்தார். "எனக்குக் காட்டுன அந்தத் துண்டு வீடியோல சத்தமும் இருந்துச்சு" என்றார். "என் பையன் சார்னுதான் சொன்னான். கைய ஸ்டீயரிங் மேல வச்சுக்கிட்டு, எஸ் சார், நோ சார், ப்ளீஸ் சார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சார், எனக்கு மூச்சு விட முடியலைன்னு சொல்லும்போதும் சார் போட்டுத்தான் சொன்னான்."

எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. அவனுக்கும் என் பிள்ளைக்கும் ஒரே பாடம். நான் சொன்ன அதே வார்த்தைகளை இன்னொரு வீட்டில் இன்னொரு தாய் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அந்தப் பிள்ளை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்திருக்கிறான். என் பிள்ளை வீடு வந்தான், அவள் பிள்ளை வரவில்லை. இத்தனை வருஷம் நான் என் சாமர்த்தியம் என்று நினைத்தது சாமர்த்தியமே இல்லை. நீ எத்தனையோ முறை இதைத்தான் அந்த ஈர அறையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாய். உன் குரல் நன்றாக இருக்கிறது, ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறது என்று நான் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை நீங்கள் மறுபடி வருவீர்களா, என் மகள் உங்கள் நேரத்தை அப்படியே வைத்திருக்கிறாள் என்றேன். வர மாட்டேன் என்றார். எத்தனை தடவை நான் போய் அவன் பேரைச் சொல்வது, கேட்பதற்கு எல்லோரும் இருக்கிறார்கள், எழுதுவதற்கு ஒருவர் இல்லை என்றார். கதவைச் சாத்தப் போனவர் நிறுத்திச் சொன்னார்: "என் நேரத்தை நீங்க எடுத்துக்குங்க. அவருக்கு எதுக்கு நன்றி சொன்னீங்கன்னு நீங்க வந்து சொல்லுங்க. நானும் கேக்கிறேன்." மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கிற நிலையில் இல்லை.

மகளே, பெரிய இடத்தில் இருப்பவன் உன்னைப் புகழ வந்தால் அவன் இன்னொரு கையில் எதை ஒளித்து வைத்திருக்கிறான் என்று பார் என்று உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டியதில்லை. நீ பார்த்தாய், பார்த்துத்தான் கையைக் கொடுக்காமல் நின்றாய். நீ அப்படி நின்றதை நான்தான் கெடுத்தேன். இந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன்: நம் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்து, அதைப் பிள்ளைகளுக்குப் பண்பாடு என்று கற்றுக்கொடுக்கிறோம். அருள்ராஜ் அங்கிளிடம் பேசிவிட்டேன், மலரின் அட்டையில் அந்தப் படம் வராது. அவருக்கு வருத்தம்தான். "ஒரு நல்ல படத்த வீணாக்குறீங்களே, பாய்" என்றார்.

எல்லாம் சரியாகிவிடும் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். இந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியப் போகிறது, கமிட்டியில் கிடக்கும் மசோதாக்களெல்லாம் அதோடு செத்துப்போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார்கள். தீர்மானத்துக்கு அந்தச் சாவு கிடையாது. அது என்றைக்கும் இருக்கும், பெயர் இல்லாமலே இருக்கும். அந்த உறுப்பினர் ஜெயித்துவிடுவார் என்றுதான் கடையில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நான் ரேடியோவில் பேசுவதால் இதில் எதுவும் மாறப் போவதில்லை, அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

ஆனாலும் வெள்ளிக்கிழமை வருகிறேன். என் பேரையும் கடைப் பேரையும் சொல்வேன், பிரசுரத்தில் இருக்கிற ஆள் நான்தான் என்று சொல்வேன், எதற்கு நன்றி சொன்னேன் என்று ஒரு தாய் கேட்டார், பயத்தைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை என்று சொல்வேன். என் இங்கிலீஷ் தடுமாறும், நீ இடையில் வந்து எடுத்துக் கொடுக்காதே. அத்தா என்று கூப்பிடவும் வேண்டாம், கோபம் தீராமலே எதிரில் உட்கார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது நம் ஆட்களிடம் கேவலம் என்பார்கள். அந்தப் பொன்னாடையை அவரே வைத்துக்கொள்ளட்டும். அந்த நன்றியை மட்டும் நான் திருப்பிக் கேட்கிறேன், டெரலின் பெயரைச் சொல்லித் திருப்பிக் கேட்கிறேன். மைக்கைத் திறந்து வை.